திருப்பித் தர வேண்டாத பணம்

திருப்பித் தர வேண்டியதில்லை என்று சொல்லிக் கொடுக்கப்படும் பணத்தைப் பற்றி எனக்குள் வெகுநாளாக ஒரு நெருடல் இருக்கிறது. அது பொறாமை இல்லை, புதியதைக் கண்ட அச்சமும் இல்லை. அவ்வளவு தூரம் எனக்குத் தெளிவு உண்டு. அதற்கு மேல் அது என்னவென்று சொல்லத்தான் இத்தனை நாள் ஆகியிருக்கிறது. கோவை ஆர்.எஸ்.புரத்தில் வளர்ந்தவர்களுக்குப் பணம் முகமுள்ள பொருள். யாருடைய பணம், யார் சொல்லி வந்தது, யார் ஜாமீன் நின்றார்கள், எந்தத் தேதியில் வட்டி போக வேண்டும் என்பதெல்லாம் சமையலறை வரைக்கும் தெரிந்திருக்கும். டி.பி. ரோட்டில் கடை விளக்குகள் எரியத் தொடங்கும் நேரத்தில் நடந்துபோகும் பெரியவர் எதிரே வருபவரைக் கண்டு மறுசாரிக்கு மாறினால், பார்ப்பவர்களுக்கு விஷயம் விளங்கிவிடும். மில் நொடித்துப்போன குடும்பத்துப் பேரனுக்குப் பெண் பார்க்கும்போதுகூட அந்தப் பழைய நொடிப்பு ஒருமுறை பேச்சில் எட்டிப் பார்க்கும். கடன் இங்கே மானத்தோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. அதே தெருக்களின் மாடி அறைகளில் உட்கார்ந்து மென்பொருள் எழுதும் இளைஞர்களுக்கு இப்போது வரும் பணம் வேறு மாதிரி. வட்டி கிடையாது. அடமானம் கிடையாது. அப்பாவின் கையெழுத்து வேண்டாம். தொழில் மூழ்கினால் கொடுத்தவர் வருத்தம் தெரிவித்துவிட்டு, அடுத்தது தொடங்கும்போது மறக்காமல் கூப்பிடுங்கள் என்று சொல்லிப் போவார். இவ்வளவு கனிவான பணத்தைக் கண்டு மனம் ஏன் கூச வேண்டும்?

அந்தப் பணம் புறப்பட்ட இடம்வரை பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். எல்லை தாண்டித் தொடக்கநிலை நிறுவனங்களில் முதல் போடும் வென்ச்சர் கேப்பிடல் நிறுவனத்துக்குச் சொந்தப் பணம் என்று பெரிதாக எதுவும் இருப்பதில்லை. பார்ட்னர்கள் சிலர் கலிஃபோர்னியாவிலும் சிங்கப்பூரிலும் பெங்களூரிலுமாகப் பிரிந்து இருப்பார்கள். பல்கலைக்கழக அறக்கட்டளைகள், ஓய்வூதிய நிதிகள், பெருஞ்செல்வக் குடும்பங்களின் நிதி அலுவலகங்கள், இதே வழியில் முன்பு பணம் பார்த்த தொழில்முனைவோர் ஆகியோரிடம் கேட்டு ஒரு ஃபண்டு திரட்டுவார்கள். அந்த ஃபண்டுக்கு ஆயுள் உண்டு. வழக்கமாகப் பத்து ஆண்டுகள், அவசியப்பட்டால் ஓரிரு ஆண்டு நீட்டிப்பு. முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் புது முதலீடுகளைச் செய்து முடித்துவிட வேண்டும். மீதி ஆண்டுகளில் அவற்றை வளர்த்து, விற்று, பணமாக்கிக் கொடுத்தவர்களிடம் சேர்க்க வேண்டும். நடத்தும் கூலியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம், லாபத்தில் 20 சதவீதம் என்பது உலகெங்கும் பழகிப்போன கணக்கு. ஆகவே, கோவையில் வாங்குகிறவனுக்குத் திருப்பித் தர வேண்டாத பணமாகத் தெரிவது, கொடுக்கிறவருக்கு நாள் குறித்து வாங்கிவந்த பணம். அவருக்கும் மேலே ஒருவர் கணக்குக் கேட்கிறார். அந்த மேலே இருப்பவர், ஏதோ ஓர் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு மாதாமாதம் ஓய்வூதியம் தர வேண்டிய நிதியமாகவும் இருக்கலாம். இதில் வில்லன் என்று யாரையும் சுட்ட முடியவில்லை. அதுவே என்னைக் கூடுதலாகத் தொந்தரவு செய்கிறது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் விதமும் நாம் பழகியதுதான், அளவில் மட்டும் வேறு. ஓர் ஆண்டில் பார்க்கும் நூற்றுக்கணக்கான நிறுவனங்களில் சிலவற்றுக்கே பணம் போகும். முன்பின் தெரியாதவர் அனுப்பும் மின்னஞ்சலைவிட, ஏற்கெனவே பணம் வாங்கிய ஒருவர் ‘இந்தப் பையனைப் பாருங்கள்’ என்று சொல்லும் வாய்ச்சொல்லுக்கு மதிப்பு அதிகம். பிறகு பேச்சுவார்த்தை. கோடைக்காலத்தில் கோவையில் இரவு எட்டு மணி என்றால் கலிஃபோர்னியாவில் காலை ஏழரை. அங்கே ஒருவர் தன் நாளின் முதல் காப்பியோடு உட்காரும்போது இங்கே ஒருவன் கீழ்வீட்டுத் தாளிப்பு வாசம் மாடிக்கு ஏறிவர, மின்விசிறியை நிறுத்திவிட்டு, தன் சந்தை எவ்வளவு பெரியது என்று விளக்கிக்கொண்டிருப்பான். விசிறி நின்ற அறையில் வேர்வை வழியும். விசிறியை நிறுத்துவது, ஒலிவாங்கியில் இரைச்சல் கேட்கக் கூடாது என்பதற்காக. இந்த இரவுகளை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளின் முகத்தில் தெரியும் துடிப்பு, லேத்துப் பட்டறையில் முதல் ஜாப் ஆர்டர் வாங்கிவந்த அன்று அவர்களுடைய தாத்தாக்களின் முகத்திலும் இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பக்கத்துத் தெருவில் பவுண்டரி நடத்தி ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய நண்பரின் மகன், முதன்முறை வெளிநாட்டு ஃபண்டு ஒன்றிலிருந்து டெர்ம் ஷீட், அதாவது முதலீட்டு நிபந்தனைக் குறிப்பு, வந்ததைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போயிருந்தான். நானும் அப்போது திண்ணையில் இருந்தேன். “என்ன வட்டி?” என்றார். “வட்டி இல்லைங்க பெரியப்பா.” “அடமானம்?” “அதுவும் இல்லைங்க.” கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. “அப்ப அவங்களுக்கு உன்கிட்ட என்ன வேணும் கண்ணு?” “கம்பெனி பெருசா வளரோணும்ங்க, அவ்வளவுதான்.” “எத்தனை பெருசு?” இதற்கு அவன் உடனே பதில் சொல்லவில்லை. தெரியாததால் அல்ல, சொன்னால் அந்தத் திண்ணையில் அது நம்பும்படியாக இருக்காது என்று நினைத்திருப்பான்.

அந்த ‘எத்தனை பெருசு’க்கு விடை இருக்கிறது, அது ஃபண்டின் கணக்கிலேயே இருக்கிறது. ஐந்து கோடி டாலர் ஃபண்டு, முப்பது நிறுவனங்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கு மேற்பட்டவை போட்ட முதலைக்கூடத் திருப்பாது என்பது புறப்படும்போதே ஒப்புக்கொண்ட விஷயம். சில, போட்டதையும் சற்றுக் கூடுதலையும் தரும். ஒன்றோ இரண்டோதான் மொத்தத்தையும் தாங்க வேண்டும். தொடக்கத்தில் 15 சதவீதப் பங்கு வாங்கியிருந்தாலும், அடுத்தடுத்த சுற்றுகளில் புதியவர்கள் பணம் போடப்போட அது கரையும். விற்கும் நாளில் 8 சதவீதம் கையில் நிற்கிறது என்றால், அந்த ஒரே நிறுவனம் ஐந்து கோடி டாலரைத் தருவதற்கு அதன் மதிப்பு 62.5 கோடி டாலராக இருக்க வேண்டும். டாலரை 85 ரூபாய் என்று போட்டால் 5,300 கோடி ரூபாய்க்கு மேல். அதுவும் முதலைத் திருப்ப மட்டுமே. மூன்று மடங்காக்கித் தருகிறேன் என்றுதான் பார்ட்னர் பணம் கேட்டிருப்பார். எந்த நிறுவனம் அந்த ஒன்றாக இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே முப்பதில் ஒவ்வொன்றுமே அந்த ஒன்றாக ஆகும் முயற்சியில் இருக்க வேண்டும். இந்தத் தர்க்கம் நேற்று பிறந்ததல்ல. பாஸ்டனில் ஜார்ஜ் டோரியோ 1946இல் தொடங்கிய நிறுவனம், 1957இல் டிஜிட்டல் எக்யுப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தில் 70,000 டாலர் போட்டது. அதன் மற்ற முதலீடுகளையெல்லாம் அந்த ஒன்று நிழலில் தள்ளிவிட்டது. அன்றிலிருந்து இந்தத் தொழிலில் எல்லோரும் அந்த ஒன்றைத்தான் தேடுகிறார்கள்.

என் நெருடலின் நடுப்பகுதி இங்கேதான் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. இந்தப் பணம் தோல்வியை மன்னிக்கிறது. மிதமான வெற்றியை மன்னிப்பதில்லை. ஆண்டுக்கு 40 கோடி ரூபாய் விற்று, 6 கோடி லாபம் பார்த்து, நூறு பேருக்கு மாதாமாதம் தவறாமல் சம்பளம் போடும் நிறுவனம் கணபதியிலோ பீளமேட்டிலோ இருந்தால், அதை நடத்துபவருக்குக் கல்யாண வீட்டில் முன்வரிசை. பம்பு செட்டும், கிரைண்டரும், வார்ப்பும், நூலுமாக இந்த ஊரைக் கட்டி எழுப்பியவை அந்த அளவு நிறுவனங்கள்தாம். ஃபண்டின் ஏட்டில் அது சிக்கிக்கொண்ட பணம். மூழ்கிய நிறுவனத்தையாவது தலைமுழுகிவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்; மிதந்துகொண்டே இருக்கும் நிறுவனத்தை என்ன செய்வது? தொடர்ந்து போடுவதற்காக ஒதுக்கிவைத்த பணம் அதற்குப் போகாது. போர்டு கூட்டத்துக்கு வரும் பார்ட்னரின் கவனம் முதலில் குறையும், பிறகு வருகை குறையும், பிறகு யாராவது வாங்குவார்களா பாருங்கள் என்ற பேச்சு வரும். நன்றாக நடக்கிற தொழிலை நடத்துபவன் தோற்றவனைப் போலத் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். அவன் செய்த பிழை இன்னது என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை.

விற்கும்போதுதான் ஒப்பந்தத்தின் வரிகள் எழுந்து நிற்கும். முதலீட்டாளர் வாங்குவது சாதாரணப் பங்கு அல்ல, முன்னுரிமைப் பங்கு. நம் சட்டப்படி கட்டாயமாகச் சாதாரணப் பங்காக மாறத்தக்கது. நிறுவனம் விற்கப்பட்டால் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. 30 லட்சம் டாலர் வாங்கிய நிறுவனம் 35 லட்சத்துக்குப் போனால், முதல் 30 லட்சம் அங்கே போய்விடும். ஏழெட்டு வருடம் இரவு விழித்தவர்களும் அவர்களை நம்பி வந்தவர்களும் மீதி 5 லட்சத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எல்லாம் முன்கூட்டி எழுதிக் கையெழுத்தானது. ஆனால் கையெழுத்துப் போடும் அன்று யாரும் 35 லட்சத்தைக் கற்பனை செய்துகொண்டு போடுவதில்லை.

எல்லை தாண்டுவது என்றால் பணம் மட்டும் இங்கே வருவதல்ல. நிறுவனம் அங்கே போவதும்தான். பல ஃபண்டுகளுக்கு அமெரிக்காவின் டெலவேர் மாநிலச் சட்டமே பழக்கம். ஆகவே தாய் நிறுவனம் அங்கே பதிவாகும், இங்கே இருப்பது அதன் துணை நிறுவனமாகும். ஆர்.எஸ்.புரத்து மாடியில் இருப்பவன் டெலவேரைப் பார்த்தே இருக்க மாட்டான். அவன் அறிவின் விளைச்சல் அனைத்தும் அந்தப் பதிவேட்டுக்குச் சொந்தம். நேரடியாக இந்திய நிறுவனத்திலேயே போடுபவர்களும் உண்டு. அப்போது பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் எஃப்.சி.-ஜி.பி.ஆர். படிவம் ரிசர்வ் வங்கிக்குப் போக வேண்டும், மதிப்பீட்டுச் சான்று வேண்டும். மில் குடும்பங்களின் கணக்கு பார்த்துவந்த இப்பகுதி ஆடிட்டர் அலுவலகங்களில் இப்போது அந்தப் படிவங்களும் தயாராகின்றன. நியாய மதிப்புக்கு மேல் வாங்கிய பங்குப் பணத்தின் மீது 2012இல் வந்த ஏஞ்சல் வரி 2023இல் வெளிநாட்டு முதலீட்டாளருக்கும் நீண்டு, 2024 ஜூலை பட்ஜெட்டில் முற்றாக ஒழிந்தது. இப்படி வெளிநாட்டுப் பதிவுக்குப் போனவர்கள் திரும்பி வருவதும் நடக்கிறது, விலை கொடுத்து. போன்பே நிறுவனம் 2022இல் சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்கு இருப்பிடத்தை மாற்றிக்கொண்டபோது அதன் முதலீட்டாளர்கள் ஏறக்குறைய 8,000 கோடி ரூபாய் வரி கட்ட வேண்டியிருந்தது.

2023 மார்ச் 10 வெள்ளிக்கிழமை சிலிக்கான் வேலி பேங்க் விழுந்தபோதுதான் இந்த அந்நியப் பதிவின் பொருள் பலருக்கு உடம்பில் உறைத்தது. டெலவேர் நிறுவனம் என்றால் கணக்கு அந்த வங்கியில் என்பது ஏறத்தாழ வழக்கமாகவே இருந்தது. வைப்புத்தொகைக் காப்பீடு ஒரு வைப்பாளருக்கு இரண்டரை லட்சம் டாலர் வரைக்கும்தான். சனியும் ஞாயிறும் இந்தியா முழுக்கப் பல மாடி அறைகளில் யாரும் தூங்கவில்லை. மாத இறுதிச் சம்பளத்துக்கான பணம் தாங்கள் காலெடுத்து வைத்திராத ஒரு கட்டடத்துக்குள் சிக்கியிருந்தது. ஞாயிறு மாலை அமெரிக்க அரசு முழு வைப்புத்தொகைக்கும் உறுதி சொன்னது. நமக்கு அது திங்கள் விடியல். பணம் பிழைத்தது. ஆனாலும் அந்த இரண்டு நாளில் இங்கே எவராலும் எந்த அலுவலகத்துக்கும் ஓட முடியவில்லை, எந்த மேனேஜரையும் எழுப்ப முடியவில்லை. ஒரு கூட்டுறவுச் சங்கம் நொடித்தால்கூட வாசலில் போய் நின்று சத்தம் போடலாம். வாசல் இல்லாத பணம் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது.

இதுவரை எழுதியதைப் படித்தால் நம் ஊர்ப் பணம் நல்லது, வெளியூர்ப் பணம் கெட்டது என்று நான் சொல்வதுபோல் இருக்கிறது. அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை; சொன்னால் பொய்யாகவும் போகும். முகமுள்ள பணத்துக்கு யார் முகம் தெரியும் என்பதும் கேள்வி. திருப்பூர்ப் பனியன் தொழிலை ஆராய்ந்த அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. கவுண்டர் சமூகத்தவரின் நிறுவனங்கள் அதிக முதலோடு தொடங்கின. வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலோடு தொடங்கியும் சில ஆண்டுகளில் ஏற்றுமதியில் அவர்களை முந்தினார்கள். திறமைக்கேற்பப் பணம் போகவில்லை, உறவுக்கேற்பப் போனது என்பதுதான் அதன் சாரம். அதே ஆண்டு வெளிவந்த ‘ஃபிரட்டர்னல் கேப்பிடல்’ நூலில் ஷரத் சாரி, வேலையாளாக இருந்த உழவர்கள் எப்படித் தங்கள் உழைப்பையே முதலாகக் காட்டி முதலாளிகளானார்கள் என்று விரிவாக எழுதினார். அந்தச் சகோதரத்துவத்தின் வட்டத்துக்கு வெளியே நின்றவர்களும் அதில் தெரிகிறார்கள். மச்சானுக்குக் கிடைத்த கைமாற்று மச்சானின் வீட்டில் வேலைசெய்த தலித் இளைஞனுக்குக் கிடைத்ததில்லை. சீட்டு நடத்திக் குடும்பத்தைக் கரையேற்றிய பெண்ணின் பெயர் தொழிலின் பாகஸ்தர் பட்டியலில் ஏறியதில்லை. கடல் கடந்து வரும் பணம் குலமும் கூட்டமும் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக எந்தக் கல்லூரி, எந்த வேலை, ஆங்கிலம் எவ்வளவு தடையின்றி வருகிறது என்று கேட்கிறது என்பது உண்மை. இருந்தும் அந்த வாசலில் நுழைந்த சிலர், நம் திண்ணைகளில் ஏற்றப்பட்டிருக்க மாட்டார்கள். இதை நினைக்கும்போது என் நெருடல் தன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது.

மேலும், எல்லை தாண்டிய முதலின் மறுகரையில் தமிழர்களே நின்ற காலம் உண்டு. செட்டிநாட்டிலிருந்து ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன பணம் முதலாளியின் கையில் போகவில்லை, ஏஜெண்டின் கையில் போனது. மூன்று வருடத் தவணைக்கு ஏஜெண்டு. சம்பளத்தில் ஒரு பகுதி முன்கூட்டியே. லாபத்தைப் பொறுத்துத் தனிப் பங்கு. பணம் பெரும்பாலும் அவருடையது அல்ல, காலம் குறித்தது, தூரத்தில் கணக்குக் கேட்பவர் இருக்கிறார். இன்றைய பார்ட்னரின் நிலையோடு இதை வைத்துப் பார்க்கும்போது ஒற்றுமை என்னைத் திடுக்கிட வைக்கிறது. வேற்றுமை ஒன்று பெரிது: அது கடன், நிலம் அடமானம். 1930இல் நெல் விலை விழுந்தபோது கீழ்ப் பர்மாவின் உழவர்களால் கட்ட முடியவில்லை. முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில், சாகுபடி நிலத்தில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் உடைமை அந்தப் பத்தாண்டின் பிற்பகுதிக்குள் 25 சதவீதமாயிற்று. நிலம் வேண்டும் என்று போனவர்கள் அல்லர் அவர்கள். பணம் பணமாகவே திரும்ப வேண்டும் என்றுதான் விரும்பினார்கள். நிலம் கையில் வந்து சிக்கியது, கூடவே ஒரு நாட்டின் கோபமும். பர்மிய உழவனின் கண்ணுக்கு அந்தப் பணம் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசிக்கிறேன். நிலம் போகாமல், வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டப்படாமல், தோற்றவன் தோற்றதோடு நிற்க முடிகிற பணத்தை அவன் கண்டிருந்தால் அதைப் புண்ணியம் என்று சொல்லியிருப்பான்.

ஏனெனில் கடனின் கொடுமையை நாம் இங்கேயும் அறிவோம். 90களிலும் அதன் பிறகும் நொடித்த ஆலைகளின் வாசலில் துருப்பிடித்த கேட்டுகளும், வங்கியின் ஏல அறிவிப்பில் அச்சான வீட்டு முகவரிகளும் இந்த ஊரின் நினைவில் இருக்கின்றன. சொந்த ஜாமீனில் கையெழுத்திட்டவர் தொழிலோடு வீட்டையும், வீட்டோடு முகத்தையும் இழந்தார். இன்று ஒருவன் இருபத்தெட்டு வயதில் தோற்றுவிட்டு இருபத்தொன்பதில் மறுபடி தொடங்குகிறான் என்றால் அது மெய்யான விடுதலை. அதைப் பழிக்க நான் யார்?

வேறு வழிகளும் இதே ஊரில் கண்முன் இருக்கின்றன. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே நூற்பாலை தொடங்கியதிலிருந்து அந்நிய முதலும் அந்நிய அறிவும் கோவைக்குப் புதிதல்ல. 1962இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கியபோது சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தின் தொழில்நுட்பம் கைகொடுத்தது. அந்த உறவு ஒரு ஃபண்டின் ஆயுளைப்போலப் பல மடங்கு நீடித்தது. நம் காலத்தில் சரவணகுமார் 2011இல் லண்டனில் தொடங்கிய கோவை.கோ, வெளி முதல் வாங்காமலேயே இங்கிருந்து வளர்ந்தது. 2025 தொடக்கத்தில் 140க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு 14 கோடி ரூபாய்க்கு மேல் போனஸாகப் பிரித்துக் கொடுத்தது. 2015இல் ஒரேகானில் ஆர்.எஃப்.பி.ஐ.ஓ. என்ற பெயரில் தொடங்கி இப்போது ரெஸ்பான்சிவ் என்று அறியப்படும் நிறுவனம் வெளி முதலை வாங்கியது. அதன் பெரிய அலுவலகம் கோவையில் இருக்கிறது, அங்கேயும் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சம்பளம் போகிறது. சென்னையில் பார்த்தால் ஸ்ரீதர் வேம்புவின், வெளி முதல் வாங்காத ஸோஹோ ஒரு பக்கம். அங்கே வேலை பார்த்துவிட்டு 2010இல் ஃபிரெஷ்வொர்க்ஸைத் தொடங்கி, ஆக்செல் முதலிய ஃபண்டுகளின் பணத்தில் வளர்த்து, 2021 செப்டம்பரில் நாஸ்டாக் சந்தைக்குக் கொண்டுபோன திருச்சிக்காரர் கிரீஷ் மாத்ருபூதம் மறுபக்கம். ஃபிரெஷ்வொர்க்ஸ் பட்டியலிடப்பட்ட நாளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்திய ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். எது சரி என்று தராசில் வைக்க இவை உதவவில்லை. இரண்டு வழியிலும் வென்றவர்கள்தாம் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள். நான் கவலைப்படுவது பெயர் தெரியாத நடுவிலுள்ளவர்களைப் பற்றி: மூழ்கவும் இல்லை, பறக்கவும் இல்லை, நன்றாக இருந்தார்கள், ஆகவே மூடப்பட்டார்கள். மெல்ல வளர விட்டிருந்தால் இருபது ஆண்டில் ஒரு தெருவுக்கே சோறு போட்டிருக்கக்கூடியவர்கள். அவர்களைக் கணக்கெடுப்பவர் யாரும் இல்லை.

திண்ணைக்கு அந்தப் பையன் மறுபடி வந்தபோது ஃபண்டின் பத்தாண்டு ஆயுளைப் பற்றிப் பெரியவரிடம் விளக்கினான். அவர் கேட்டது ஒன்றுதான்: “இப்ப அது எத்தனாவது வருஷம் கண்ணு ஓடிட்டிருக்குது?” அன்றிரவு அழைப்பில் அவன் அதைக் கேட்டான். நான்காவது ஆண்டு முடியப் போகிறது, புது முதலீடுகளில் இது கடைசிகளில் ஒன்று என்று பதில் வந்தது. மறைக்காமல் சொன்னார்கள் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். அப்படியானால் தனக்கு இருப்பது ஆறு ஆண்டு என்று அவன் கணக்குப் போட்டான். பிறகு, நிறுவனம் 20 கோடிக்குப் போனால், 100 கோடிக்குப் போனால், 500 கோடிக்குப் போனால் யாருக்கு எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதித் தரச் சொன்னான். முதல் வரியில் அவனுக்கும் சுழி, அவனோடு வேலைசெய்யும் பதினோரு பேருக்கும் சுழி. தன்னுடையதை அவன் அப்படியே விட்டுவிட்டான். எந்த விலைக்குப் போனாலும் விற்ற தொகையில் ஒரு பங்கு முதலில் ஊழியர்களுக்கு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றான். கையெழுத்து அதற்காகச் சில வாரம் தள்ளிப்போனது. 5 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டார்கள்.